விலா வளைந்து கொடுக்கும் வரை

பன்றி விலாவைப் புகையில் வேகவைக்க 3-2-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று மணி நேரம் புகையில், இரண்டு மணி நேரம் அலுமினிய ஃபாயிலில் சுற்றி, கடைசி ஒரு மணி நேரம் பிரித்துச் சாஸ் தடவி. ஸ்பேர் ரிப்ஸ் என்கிற பெரிய விலாவுக்கான கணக்கு இது. பேபி பேக் என்கிற விலா அதைவிடச் சின்னது, இவ்வளவு நேரம் தாங்காது, குழைந்துவிடும். நான் எடுத்தது ஸ்பேர் ரிப்ஸ். காலை ஒன்பது மணிக்கு வைத்தால் மூன்று மணிக்குச் சாப்பிடலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

முதல் வேலை சவ்வை உரிப்பது. விலாவைத் திருப்பிப் போட்டால் எலும்புப் பக்கத்தில் மெல்லிய, பளபளப்பான சவ்வு ஒன்று இழுத்து ஒட்டியதுபோல் இருக்கும். எவ்வளவு வெந்தாலும் பல்லில் ரப்பர் மாதிரிதான் படும். அந்தப் பக்கம் மசாலாவையும் கறியில் ஒட்ட விடாது. ஓரத்து எலும்பின் மேல், சவ்வுக்கு அடியில், மொட்டைக் கத்தி முனையை விட்டு நெம்பினேன். விரல் நுழையும் அளவுக்கு எழும்பியது. ஆனால் பிடித்து இழுத்தால் வழுக்கிக்கொண்டே போனது. அப்புறம் ஒரு டிஷ்யூ காகிதத்தால் இறுக்கிப் பிடித்து மெதுவாக இழுத்தேன். பாதி வரை ஒரே தாளாக உரிந்து வந்தது. நடுவில் கிழிந்ததும் அடுத்த எலும்பிலிருந்து மறுபடி நெம்பினேன். பத்து நிமிட வேலை. புதிதாகச் செய்கிறவர்கள் இதை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

மசாலா எளிமையானதுதான்: உப்பு, பழுப்புச் சர்க்கரை, மிளகு, பாப்ரிகா, பூண்டுத் தூள்.

என்னுடையது பெல்லட்டில் எரியும் கிரில். அதன் பெட்டியில் கொட்டும் பெல்லட், மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகள். உள்ளே திருகு போன்ற ஒரு தண்டு சுழன்று அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளும். மின்விசிறி காற்று ஊதும். சூடு குறைந்தால் கூடுதலாகத் தள்ளுவதும், ஏறினால் குறைப்பதும் கிரில்லே பார்த்துக்கொள்ளும். நான் ஹிக்கரி மரத்துப் பெல்லட் போட்டு 107 டிகிரி செல்சியஸில் வைத்தேன்.

பற்றவைத்ததும் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது. இதில் கறியை வைத்தால் கசப்பு ஏறிவிடும். அது அடங்கும் வரை காத்திருந்து, பிறகுதான் விலாவை எலும்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் புகையே கண்ணுக்குத் தெரியவில்லை. நெருப்பு அணைந்துவிட்டதோ என்று பயந்து மூடியைத் திறந்தேன். முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று முறை திறந்திருப்பேன். ஒவ்வொரு முறையும் சூடு 80 டிகிரி வரை இறங்கியது. அதை ஈடுகட்டக் கிரில் அதிகமாகப் பெல்லட்டைத் தள்ள, மூடிய பிறகு 130-ஐத் தாண்டியது. அப்புறம்தான் வெளிச்சத்துக்கு எதிரே நின்று புகைபோக்கியை உற்றுப் பார்த்தேன். நூல் மாதிரி மெல்லிய நீலப் புகை வந்துகொண்டிருந்தது. நல்ல புகை அதுதான், கசப்பில்லாத மணம் தருவது. அதற்குமேல் மூடியைத் தொடவில்லை.

பன்னிரண்டு மணிக்கு விலா கருஞ்சிவப்பாகியிருந்தது. விரலால் தேய்த்தும் மசாலா உரிந்து வரவில்லை. ஃபாயிலில் சுற்றி மறுபடி வைத்தேன். கணக்குப்படி இரண்டு மணிக்குப் பிரித்து, ஒரு முனையை இடுக்கியால் பிடித்துத் தூக்கினேன். விலா விறைப்பாகவே நின்றது. எலும்பின் நுனியிலிருந்து கறியும் சரியாகப் பின்வாங்கவில்லை. வெப்பமானி 84 டிகிரி காட்டியது.

63 டிகிரியிலேயே பன்றிக்கறி சாப்பிடப் பாதுகாப்பானதுதான், ஆனால் விலாவில் கறியை இறுக்கிப் பிடிக்கும் கொலாஜன் என்கிற புரதம் அதிகம். அது 70 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கினாலும், போதுமான அளவு ஜெலட்டினாக மாறி விலா மென்மையாக 90-ஐ ஒட்டிய சூடும், நேரமும் வேண்டும். மூன்று மணிக்குச் சாப்பிடலாம் என்று சொன்ன வாக்கை விட்டுவிட்டு மறுபடி சுற்றி வைத்தேன். முக்கால் மணி நேரம் கழித்துத் தூக்கியபோது விலா இரண்டு பக்கமும் தாழ்ந்து வில்லாக வளைந்தது, மேல்பரப்பில் கோடு மாதிரி ஒரு விரிசல் விட்டது. உள்ளே 93. சாஸ் தடவி, சர்க்கரை கருகாதபடி கவனித்து, இன்னும் முக்கால் மணி நேரம் திறந்து வைத்தேன்.

நான்கு மணிக்கு வெட்டினேன். ஓரத்தில் ரோஜா நிற வளையம். "இன்னும் வேகலையா?" என்று அக்கா கேட்டார். புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு, கறிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்கிற புரதத்தோடு சேர்ந்து அந்த நிறத்தைப் பிடித்து வைக்கிறது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே அவர் ஒரு துண்டைக் கடித்தார். கடித்த இடம் மட்டும் வெள்ளை எலும்பாகத் தெரிந்தது, மற்ற கறி எலும்பை விடாமல் அப்படியே நின்றது. நான் ஆசைப்பட்ட பதம் அதுதான்.