மொட்டைமாடிச் சாவியும் செல்போன் டவரும்

எதிர்க் கட்டடத்தின் உச்சியில் 2019இல் செல்போன் டவர் ஏறியது. எங்கள் மொட்டைமாடியில் நின்றால் ஆண்டெனாவின் முகம் நேருக்கு நேர் தெரியும். மாலையில் பிள்ளைகள் விளையாடும் இடம் அது. அங்கே வரும் கதிர்வீச்சை அளந்தே தீர வேண்டும் என்று நான் இறங்கியதன் விளைவு: நான்காயிரம் ரூபாய், மூன்று அரைநாள் விடுப்பு, ஓர் அவமானம்.

அவமானத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் மலிவாக ஒரு கதிர்வீச்சு மீட்டர் வாங்கினேன். மொட்டைமாடியில் பிடித்ததும் 2,300 என்று சிவப்பில் காட்டியது. குடியிருப்போர் கூட்டத்தில் அதைத் தூக்கிக் காட்டிப் பீதியைக் கிளப்பியதும் நான்தான். அந்த எண் சதுர மீட்டருக்கு மைக்ரோவாட் கணக்கு. 900 மெகாஹெர்ட்ஸ் அலைகளுக்கு அப்போதைய இந்திய வரம்பு 0.45 வாட், அதாவது 4,50,000 மைக்ரோவாட். நான் அலறியது அதில் அரை விழுக்காட்டுக்கு! போதாக்குறைக்கு, பக்கத்து வீட்டுக்காரரின் பையில் போன் மணி அடித்தாலே அந்த மீட்டர் துள்ளும்.

மனு எழுதி ஓர் அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கட்டட அனுமதி என்றால் இங்கே. கதிர்வீச்சு இங்கே இல்லை.” வேறு எங்கே என்று கேட்டேன். “தெரியாது.” அவ்வளவுதான். நண்பர் ஒருவர் சொல்லித்தான் தொலைத்தொடர்புத் துறை 2017இல் தொடங்கிய தரங் சஞ்சார் இணையதளம் பற்றித் தெரிந்தது. வரைபடத்தில் இடத்தைக் குறித்து, பணம் கட்டி, அளப்பதற்கு நாள் வாங்கியதெல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது.

சிக்கல் எங்கள் வீட்டிலேயே காத்திருந்தது. குழு சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது. மொட்டைமாடிச் சாவி சங்கச் செயலாளரிடம். செயலாளர் திருச்சியில், கல்யாண வீட்டில். தெருவில் மட்டும் அளந்தார்கள். ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. மகிழ்ந்திருக்கலாம், ஆனால் விளக்கடியில் இருட்டு என்பது இதற்கும் பொருந்தும். ஆண்டெனா தன் காலடியில் கொட்டுவதில்லை. சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்து பக்கவாட்டில் வீசுகிறது. அதன் உயரத்தில், அதன் எதிரே இருக்கும் இடத்தைத்தான் அளக்க வேண்டும். டவரடியில் எடுத்த எண்ணை யாராவது காட்டினால் அதை வைத்து நிம்மதி அடையாதீர்கள்.

கெஞ்சிக் கேட்டு இன்னொரு நாள் வாங்கினேன். இந்த முறை முந்தின இரவே சாவி என் தலையணைக்கு அடியில். முக்காலியின் மேல் பந்து போன்ற உணரியைப் பொருத்தி ஒவ்வொரு இடத்திலும் ஆறு நிமிடச் சராசரி எடுத்தார்கள். முதல் சுற்று வீணானது. “சார், உங்கள் சட்டைப் பையில் என்ன?” என்று பொறியாளர் கேட்டபோதுதான் என் போன் நினைவுக்கு வந்தது. கீழே வைத்துவிட்டு மூன்று மாடி ஏறி வந்தேன்.

தென்கிழக்கு மூலையில்தான் அதிகம்: எல்லா நிறுவனங்களின் அலைகளும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 0.012 வாட். 900 மெகாஹெர்ட்ஸுக்கான 0.45 வரம்போடு ஒப்பிட்டால் மூன்று விழுக்காட்டைத் தொடவில்லை. அந்த வரம்பே, 2012 செப்டம்பரில் சர்வதேச வரம்பின் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. அறிக்கையை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். கூட்டத்தில் என்னோடு சேர்ந்து கொதித்தவர்களில் இருவர்தான் நின்று படித்தார்கள்.

போன வாரம் இரண்டாம் மாடி அம்மா அந்த மீட்டரை இரவல் கேட்டார். மீட்டரின் முதுகில் ஒரு தாளை ஒட்டிக் கொடுத்தேன். அதில் கொட்டை எழுத்தில்: “நான் அளந்தபோது வரம்பு 4,50,000. போனைக் கீழே வைத்துவிட்டு அளக்கவும்.”