ஆயிரத்துக்கு ஒன்று குறைவு

ஒருவருடைய மடிக்கணினியில் எத்தனை காலை வணக்கப் படங்கள் சேரலாம் என்பதற்கு வரம்பு எதுவும் கிடையாது. அவற்றில் எத்தனையை ஒரே அழுத்தலில் நீக்கலாம் என்பதற்கு மட்டும் ஒரு வரம்பு இருக்கக்கூடும் என்பதை என் மாமனாரின் மடிக்கணினியில்தான் தெரிந்துகொண்டேன். அவர் நெல்லைப் பக்கத்தில் ஒரு சார்நிலைக் கருவூலத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்த காலத்தில் அரசுப் பணத்தில் ஒரு காசு கூடுதலாக வெளியே போகாமல் காத்தவர், ஓய்வுக்குப் பிறகு உள்ளே வரும் எதையும் தடுப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டார் போலும். ஓய்வூதியர் குழு, தெருக்காரர் குழு, சம்பந்தி வீட்டுக் குழு எனப் பல திசைகளிலிருந்தும் வந்த ரோஜாப்பூக்களும், வேலோடு நிற்கும் முருகன்களும், ஆவி பறக்கும் காபி டம்ளர்களும் கைபேசியை நிரப்பின. விடுமுறையில் வந்த மைத்துனன் அவற்றை அப்படியே மடிக்கணினிக்கு மாற்றி, படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருள் ஒன்றையும் நிறுவிக் கொடுத்துவிட்டுப் பெங்களூருக்குப் போய்விட்டான்.

அதன்பிறகு பேத்தியின் காதுகுத்துப் படத்தைத் தேடினாலும் முருகன்தான் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, குப்பையை மட்டும் எடுத்துடுங்க. மத்ததுல கை வைக்க வேண்டாம்," என்றார் மாமா.

குப்பையை அடையாளம் காண்பது கடினமில்லை. வாட்ஸ்அப் வழியாக வந்து சேரும் படத்தின் கோப்புப் பெயரில் தேதியும், அதையடுத்து 'டபிள்யூஏ' என்ற எழுத்துகளும், ஒரு நான்கு இலக்க எண்ணும் இருக்கும். அதே வழியில் வந்த குடும்பப் படங்களை மாமியார் முன்னதாகவே பொறுக்கித் தனிக் கோப்புறையில் வைத்திருந்தார். அந்த வீட்டில் உருப்படியான வேலைகள் இப்படித்தான் சத்தமில்லாமல் நடக்கும். எஞ்சியவற்றை அந்த எழுத்துகளைக் கொண்டு தேடி, அனைத்தையும் தேர்ந்தெடுத்தபோது, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் என்று மென்பொருளின் அடிப்பகுதியில் எண்ணிக்கை தெரிந்தது. மாமா தலையசைத்தார். நீக்கும் விசையை அழுத்தினேன்.

வட்டம் சுழன்றது. வெகுநேரம் சுழன்றபின் சாளரம் வெளிறியது. தலைப்புப் பட்டையில் 'பதிலளிக்கவில்லை' என்ற அறிவிப்பு தோன்றியது. ஒரு மென்பொருள் 5 வினாடிகளுக்குத் தன்னிடம் வரும் செய்திகளைக் கவனிக்காமல் இருந்தாலே விண்டோஸ் இப்படி அறிவித்துவிடும் என்பதால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று மாமாவுக்கு விளக்கினேன். நான் விளக்கி முடிப்பதற்குள் சாளரம் முழுவதுமாக மறைந்துவிட்டது. பிழைச்செய்தி ஏதுமில்லை, மன்னிப்பும் இல்லை.

மறுபடி திறந்தபோதுதான் வேடிக்கை தொடங்கியது. எட்டாயிரத்துச் சொச்சம் படங்களும் பட்டியலில் அப்படியே இருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு கேள்விக்குறி. எதைத் திறந்தாலும் சாம்பல் நிறக் கட்டம். கோப்புறைக்குள் போய்ப் பார்த்தால் அங்கே ஒரு ரோஜாகூட இல்லை. எல்லாம் ரீசைக்கிள் பின்னில் கிடந்தன.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரையைச் சற்றுநேரம் பார்த்தார். "பேரேட்டுல இருக்கு, பெட்டியில இல்லை. பில்லைப் பாஸ் பண்ணாமலே எவனோ பணத்தைக் கொடுத்துட்டான்," என்றார்.

கணினி படித்து அதில் வேலையும் பார்க்கும் நான் சொல்லியிருக்க வேண்டிய விளக்கம் இதுதான். இத்தகைய மென்பொருள்கள் படங்களைத் தமக்குள் வைத்துக்கொள்வதில்லை. படங்கள் வட்டில் ஓரிடத்தில் இருக்க, அவற்றைப் பற்றிய குறிப்புகளும் சிறுபடங்களும் வேறோரிடத்தில் தரவுத்தளமாக இருக்கும். நீக்கு என்றால் இரண்டு இடத்திலும் நீக்க வேண்டும். இந்த மென்பொருளோ முதலில் கோப்புகளைத் தூக்கிவிட்டு, அதன்பின் குறிப்புகளை நீக்கப் போன இடத்தில் விழுந்திருக்கிறது. கருவூலத்தில் ஒரு கணக்கர் இந்த வரிசையில் வேலை செய்திருந்தால் தணிக்கைக் குறிப்பு எழுதியே ஒரு பேனா தீர்ந்திருக்கும் என்பது மாமாவின் கருத்து. மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

சாம்பல் கட்டங்களை மட்டுமாவது நீக்கலாம் என்று மீண்டும் அனைத்தையும் தேர்ந்தெடுத்தபோது மென்பொருள் மீண்டும் விழுந்தது. வழக்கமான சடங்குகள் அனைத்தும் நடந்தேறின: கணினியை அணைத்துப் போட்டது, நிர்வாகி உரிமையுடன் திறந்தது, திரைக்கான டிரைவரைப் புதுப்பித்தது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ரேம் பத்தாது சார்," என்று தீர்ப்பளித்துவிட்டுப் போனார். உலகில் எந்தக் கணினிக்கு எந்த நோய் வந்தாலும் ரேம் பற்றாது என்று சொல்ல ஒரு எதிர்வீட்டுக்காரர் உண்டு.

இனி எண்ணிக்கையைக் குறைத்துப் பார்ப்பதே வழி. படங்கள் ஏற்கெனவே போய்விட்டதால் வெறும் கேள்விக்குறிகளை வைத்து எவ்வளவு சோதனை வேண்டுமானாலும் செய்யலாம் என்பது ஒரு வசதி. முதலில் தரவுத்தளக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்தேன். 500 கட்டங்களைத் தேர்ந்தெடுத்தால் நொடியில் மறைந்தன. 1,500 என்றால் மென்பொருளே மறைந்தது. இடையில் எங்கோ எல்லை இருக்கிறது என்பது புரிந்ததால், 1,000 வைத்துப் பார்த்தேன்; விழுந்தது.

"ஆயிரம்னு முழுசா வைக்கக்கூடாது மாப்பிள்ளை. மொய்யே ஆயிரத்தொண்ணாத்தான் எழுதுவோம்," என்றார் மாமா.

பெரியவர் சொல்லைத் தட்டுவானேன் என்று 1,001 தேர்ந்தெடுத்தேன். விழுந்தது. மாமா முகம் வாடியதைப் பார்த்து, எதிர்ப்பக்கமாக ஒன்றைக் குறைத்து 999 என்று வைத்தேன். மின்விசிறிச் சத்தம்கூட மாறாமல் அத்தனையும் நீங்கின. மறுபடி 1,000, மறுபடி விழுந்தது. மாமா நாற்காலியை இன்னும் சற்று அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

999 என்ற எண்ணைக் கண்டதும் எனக்கு ஐயம் தட்டி, மென்பொருள் எழுதி வைத்திருந்த பதிவுக்கோப்பைத் தேடித் திறந்தேன். ஒவ்வொரு விழுகைக்கும் நேராக ஒரே வாசகம்: 'டூ மெனி எஸ்க்யூஎல் வேரியபிள்ஸ்'. அதாவது, கட்டளையில் நிரப்பித் தந்த மதிப்புகள் அளவுக்கு மிஞ்சிவிட்டன. இது எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தளம் தரும் செய்தி. ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-ஆம் ஆண்டில் உருவாக்கியது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் வேலையில் இருந்தபோது அவருக்கு இதன் தேவை தோன்றியது. இன்று ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இதுவே ஓடுகிறது. போர்க்கப்பலுக்காக யோசிக்கப்பட்டது கடைசியில் புதன்கிழமை வாழ்த்துகளுக்குக் கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறது.

அந்தத் தரவுத்தளத்துக்கு ஒரே கட்டளையில் இத்தனை மதிப்புகளைத்தான் நிரப்பித் தரலாம் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. பழைய பதிப்புகளில் இயல்பாக அமைந்திருந்த வரம்பு 999. 2020-இல் வந்த 3.32.0 பதிப்பில் அது 32,766 ஆக உயர்த்தப்பட்டது. இதெல்லாம் அதன் ஆவணங்களில் வெளிப்படையாக எழுதப்பட்டிருப்பதால் தரவுத்தளத்தின்மீது குற்றமில்லை. நம் மென்பொருளை எழுதியவர் பழைய பதிப்பை உள்ளே வைத்துக்கொண்டு, தேர்ந்தெடுத்த அத்தனை படங்களின் எண்களையும் ஒரே கட்டளையில் அடுக்கி அனுப்பியிருக்கிறார். ஒரு மனிதர் ஒரே தடவையில் ஆயிரம் படங்களை அழிப்பார் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அவருடைய குடும்பத்தில் வாட்ஸ்அப் குழு இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

"பாவம், உச்சவரம்புக்கு மேல பில் வந்தா திருப்பி அனுப்பணும். அதுக்காக மயங்கி விழுவானா?" என்றார் மாமா. ஒரு நிரலாளரிடம் நான் நாசூக்காகச் சொல்லத் தயங்கியிருக்கக்கூடியதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

காரணம் தெரிந்ததும் வேலை எளிதாயிற்று. 900, 900 ஆகத் தேர்ந்தெடுத்து நீக்கினோம். மாமா பழைய நாட்குறிப்பு ஒன்றில் கட்டம் போட்டு, வரிசை எண், நீக்கிய எண்ணிக்கை, மீதி இருப்பு என்று எழுதிக்கொண்டே வந்தார். கடைசித் தவணை முடிந்தபோது மீதி பூஜ்யம் வந்தது. அவர் அதன்கீழ் இரட்டைக் கோடு போட்டார்.

பிறகு தரவுத்தளக் கோப்பின் அளவைப் பார்த்தார். முன்பு இருந்த அளவே இருந்தது. குறிப்புகளை நீக்கினாலும் எஸ்க்யூலைட் அந்த இடத்தைப் பின்னால் பயன்படுத்திக்கொள்ளத் தன்னிடமே வைத்திருக்கும், தனியாகச் சுருக்கச் சொன்னால்தான் கோப்பு சுருங்கும் என்றேன். "சரண்டர் பண்ணாத நிதி," என்று, செலவாகாமல் மிஞ்சியும் திருப்பி ஒப்படைக்காத பணத்துக்கான கருவூலப் பெயரை எழுதிக்கொண்டார். வட்டில் காலியிடமும் கூடியிருக்கவில்லை. படங்கள் ரீசைக்கிள் பின்னில் இருக்கும்வரை கூடாது. அங்கே போகும் ஒவ்வொரு கோப்பையும் விண்டோஸ் இரண்டாக வைத்துக்கொள்கிறது: ஒன்று படம்; மற்றது அப்படம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு பெரிது, எப்போது நீக்கப்பட்டது என்னும் சிறு குறிப்பு. இதைக் கேட்டதும் மாமாவின் முகம் மலர்ந்தது. "இங்கயாவது வவுச்சர் போட்டு வச்சிருக்கானே!"

அந்த மதிப்பினாலோ என்னவோ, அதைக் காலி செய்யுமுன் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார். நான் காபி குடித்துவிட்டு வருவதற்குள், சம்பந்தி வீட்டிலிருந்து வந்த படங்களாக இவருக்குத் தோன்றியவற்றை எல்லாம் மீட்டெடுக்கத் தொடங்கியிருந்தார். யார் அனுப்பியது என்று எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, அவர்கள் எப்போதும் மயில் உள்ள முருகனையே அனுப்புவார்கள் என்றார். மீட்டெடுத்தவை பழைய கோப்புறைக்கே திரும்பின. அக்கோப்புறையை மென்பொருள் இடைவிடாமல் கண்காணித்துக்கொண்டிருந்ததால், புதிய படங்கள் வந்திருப்பதாக எண்ணி உடனுக்குடன் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனது. மாமா நாட்குறிப்பில் இரட்டைக் கோட்டுக்குக் கீழே 'புதிய வரவு' என்று ஒரு தலைப்பு எழுதினார். எண்ணிக்கை ஆயிரத்தைத் தொடுவதற்குள் மாமியார் வந்து, சாப்பாடு ஆறிவிடும் என்று சொல்லி மடிக்கணினியை மூடிவிட்டார்.