விழுந்த பல்லைத் தண்ணீரில் போடாதீர்கள்

பிள்ளை கீழே விழுந்து முன்பல் வேரோடு வந்துவிட்டால், அது பால் பல்லா நிலைப்பல்லா என்று முதலில் பாருங்கள். மேல் முன்பற்கள் பெரும்பாலும் 7, 8 வயதில் மாறும். பால் பல்லைத் திரும்பச் செருகவே கூடாது. ஈறுக்குள் வளரும் பல் கெட்டுவிடலாம்.

நிலைப்பல் என்றால் நிமிடக் கணக்குதான். வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடியுங்கள். வேரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு உயிரோடு இருந்தால்தான் பல் மறுபடி எலும்பைப் பற்றும். மண் ஒட்டியிருந்தால் தேய்க்காமல் பாலில் லேசாக அலசி, முன்பக்கம் முன்னால் இருக்கும்படி குழியில் வைத்து, சுத்தமான கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிள்ளை விடவில்லையா? ஆறிய பாலில் பல்லைப் போட்டு எடுத்துப்போங்கள். பலர் டிஷ்யூ பேப்பரில் சுற்றுகிறார்கள், அதில் சவ்வு காய்ந்துவிடும். தண்ணீரிலோ செல்கள் ஊதி வெடிக்கும். அரை மணிக்குள் பல் மருத்துவரிடம் சேர்ந்தால் நல்லது. தாமதமானாலும் பல்லை எறியாதீர்கள்.

மயக்கம், வாந்தி, அசாதாரணத் தூக்கம் இருந்தாலோ, பல் கிடைக்காமல் இருமலும் மூச்சுத்திணறலும் வந்தாலோ, பல்லை விடுங்கள். நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள்.