புரட்டாசியில் மட்டன் மசாலா ஆஃபரா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து விக்டோரியா தெரு மார்க்கெட்டில் சுற்றுலாக்காரர்களுக்காக ‘மாமியார் ஒழிப்பான்’ என்று எழுதி மிளகாய்த்தூளை மலையாகக் குவித்து வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு பெயரை நான் அரைத்து விற்கிற மசாலாப் பொடிக்கும் வைத்தால் தானாக விற்கும் என்கிறார்கள். விற்கும்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் ஆட்கள் நிறைய வாழ்கிற டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் என்னிடம் வாங்குகிற அக்காமார் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து, உள்ளங்கையில் கொட்டித் தேய்த்துப் பார்த்து, “மல்லி குறைச்சலா போட்டியா தம்பி?” என்று கேட்கிற ஆட்கள். அதனால் என் விளம்பரம், மல்லி வறுபடுகிற வீடியோவும் எந்த வாரம் அரைத்தது என்பதும், அவ்வளவுதான். அப்புறம், இங்கே நம் வீடுகள் பலவற்றில் புரட்டாசி முழுக்கக் கறி மீன் கிடையாது, அந்த மாதம் பார்த்து மட்டன் மசாலாவுக்கு ஆஃபர் போடச் சொல்கிற மார்க்கெட்டிங் தம்பியை என்ன செய்ய? ரசப்பொடிதான் அரைக்கிறேன். வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள்.