ஏற்றத்தில் இழுக்காத வண்டி: நாட்குறிப்பு

செப்டம்பர் 18, 2022, ஞாயிறு

டென்வருக்கு மேற்கே உள்ள ஃபிளாய்ட் ஹில் மலையேற்றத்தில் வண்டி இன்றும் மூச்சு வாங்கியது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தும் மணிக்கு 40 மைலுக்கு மேல் முள் நகரவில்லை; பாதிப் பாரம்கூட ஏற்றியிருக்கவில்லை. பனி இறங்குவதற்குள் சாமான்கள் கிராண்ட் ஜங்ஷன் போய்ச் சேர்ந்தாக வேண்டும். வழியில் 11,000 அடிக்கு மேல் ஐசனோவர் சுரங்கப்பாதை நிற்கிறது.

செப்டம்பர் 19, திங்கள்

பட்டறைக்காரர் வண்டியை ஓட்டிப் பார்க்காமலேயே, "கியர்பாக்ஸ் போய்விட்டது, பிரித்துக் கட்ட வேண்டும்" என்று சொல்லிவிட்டார். 1994ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150 பிக்கப், ஆட்டோமேட்டிக் கியர் என்றதும் அவருக்கு வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை. இழுவை குறைந்தால் முதல் பழி கியர்பாக்ஸின் மேல்தான் விழுகிறது. அளந்து பார்க்காமல் நான் ஒரு காசும் செலவழிக்கப் போவதில்லை.

செப்டம்பர் 20, செவ்வாய்

வண்டியை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டு, சமதளத்தில் 'பார்க்' கியரில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலேயே கியர் ஆயிலின் அளவுக்கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தேன். சிவப்பு சற்று மங்கியிருந்தது, ஆனால் கருகிய நாற்றம் இல்லை. விரலிடையில் தேய்த்தபோது பொடியும் தட்டுப்படவில்லை. கிளட்ச் தகடுகள் எரிந்திருந்தால் அந்த நாற்றமே காட்டிக்கொடுத்திருக்கும்.

செப்டம்பர் 22, வியாழன்

கிராண்ட் ஜங்ஷனிலிருந்து அவள் அழைத்தாள். அங்கே மின்சாரம் வந்துவிட்டது, பாத்திரங்கள்தான் இல்லை.

செப்டம்பர் 24, சனி

நான் நம்பியிருந்த சோதனையை இன்று செய்தேன். நான்கு சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்து, கைப்பிரேக்கையும் கால்பிரேக்கையும் இறுகப் பிடித்து, டிரைவில் போட்டு ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுக்கு மேல் ஏற முடியாமல் திணறுகிறது என்று பார்க்க வேண்டும். ஐந்து நொடிக்கு மேல் பிடித்தால், எஞ்சின் வலுவை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயில் வெந்துவிடும் என்பதால், உடனே நியூட்ரலுக்கு மாற்றி ஆறவிட வேண்டும். கியர்பாக்ஸ் வழுக்கினால் சுற்று இருக்க வேண்டிய அளவுக்கு மேல் எகிறும். எஞ்சினுக்கு வலுவில்லை என்றால் அளவுக்குக் கீழேயே நின்றுவிடும். என் வண்டியில் கீழேயே நின்றது.

டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயிலைத் திருப்பிவிடும் ஸ்டேட்டர் என்ற சக்கரத்தின் ஒருவழிக் கிளட்ச் உடைந்தாலும் சுற்று இப்படிக் கீழே நிற்கும் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அது உடைந்த வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பத்தான் தவிக்கும், வேகம் பிடித்த பிறகு ஓரளவு சரியாக ஓடும். என்னுடையது வேகம் கூடக்கூடத்தான் நெஞ்சடைத்துப் போகிறது. எனவே கோளாறு எஞ்சின் பக்கம்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

செப்டம்பர் 25, ஞாயிறு

வண்டியின் கணினி 111 என்று விளக்கை மினுக்கியது. அதன் கணக்கில் எல்லாம் நலம். ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் திராட்டில் சென்சார், மிதிக்காதபோது 0.9 வோல்ட்டிலிருந்து முழு மிதியில் நாலரை வோல்ட் வரை தடங்கலின்றி ஏறியது. இந்தக் கியர்பாக்ஸ் கீழ்க்கியருக்கு இறங்குவதும் அந்த வோல்ட்டை வைத்துத்தான் என்பதால் இதில் நிம்மதி. பிறகு தீப்பொறி விழும் நேரத்தை (டைமிங்) பார்த்தேன். கணினி அதை மாற்றாதிருக்க டிஸ்ட்ரிபியூட்டர் அருகே உள்ள ஸ்பவுட் இணைப்பைக் கழற்றிவிட்டு டைமிங் லைட் பிடித்தபோது, 10 பாகை இருக்க வேண்டிய இடத்தில் 6 பாகைதான் இருந்தது. அதைத் திருத்தினேன். சற்றே உயிர் வந்தது, போதவில்லை.

செப்டம்பர் 27, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 விழுக்காடு வலு குறையும் என்று வைத்தால், இந்த 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினின் 150 குதிரைத்திறன் டென்வரிலேயே 125 அளவுக்கு வந்துவிடும், சுரங்கத்தின் வாயிலில் 100 அளவுதான் மிஞ்சும். இதை எந்தப் பட்டறையாலும் திருப்பித் தர முடியாது. ஆனால் இதற்கு மேல் எதையும் இழக்க நான் தயாராக இல்லை.

அக்டோபர் 1, சனி

எஞ்சினுக்குள் காற்று போகும் இன்லெட் மேனிஃபோல்டில், வெற்றிட அழுத்தத்தை அளக்கும் வேக்கம் கேஜை மாட்டினேன். மிதிக்காமல் எஞ்சின் ஓடும் ஐடிலில் 15 அங்குலம் (பாதரச அளவு) காட்டியது. இந்த உயரத்துக்கு அது சரியான அளவே. சுற்றை 2,500-க்கு ஏற்றி அப்படியே பிடித்திருந்தபோது, முள் முதலில் பழைய இடத்துக்குத் திரும்புவதுபோல் வந்தது. பிறகு நொடிக்கு நொடி இறங்கியது, 13, 11, 9. வெளியேற வழியில்லாமல் புகை உள்ளேயே தேங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தேவையில்லை. புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் தட்டிய போது உள்ளே சில்லுகள் உருண்டன.

அக்டோபர் 2, ஞாயிறு

பக்கத்து வீட்டுப் பெரியவர், அதை வெட்டியெறிந்துவிட்டு நேர்க்குழாய் வைக்கச் சொன்னார். அது சட்டத்துக்குப் புறம்பானது, புகைப் பரிசோதனையிலும் தேறாது. அவரிடம் பணிவாக மறுத்துவிட்டேன்.

அக்டோபர் 6, வியாழன்

புதியது மாட்டியாயிற்று. 2,500-இல் முள் அசையாமல் நிற்கிறது.

அக்டோபர் 8, சனி

ஃபிளாய்ட் ஹில்லில் 55 மைல் பிடித்து ஏறினேன்! ஆனால் மூன்றாம் கியரிலும் சுற்று 1,900-ஐத் தொடாதது உறுத்தியதால், வீட்டுக்கு வந்து கதவோரத்து ஒட்டுத்தாளைத் துடைத்துப் படித்தேன். ஆக்சில் என்ற கட்டத்தில் 18 என்று இருந்தது, அதாவது 3.08 விகிதம்: சக்கரம் ஒருமுறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 3.08 முறை சுற்ற வேண்டும். இந்த எண் குறைந்தால் ஏற்றத்தில் இழுவையும் குறையும். எரிபொருளை மிச்சப்படுத்த வைத்த அந்த விகிதத்தின் மேல், முன்பு வண்டியை வைத்திருந்தவர் 29 அங்குல டயர்களைக் கழற்றிவிட்டு 31 அங்குல டயர்களை மாட்டியிருக்கிறார். கணக்குப் போட்டால் அது 2.9-க்கும் கீழே இறங்கிவிட்டதற்குச் சமம். 2,000 சுற்றில்தான் முழு டார்க் (முறுக்குவிசை) தரும் எஞ்சினை, சுற்றைக் குறைக்கும் உச்சக் கியரான ஓவர்டிரைவில் 1,300 சுற்றில் மலையேறச் சொல்வது கொடுமை. பழைய அளவு டயர்கள் கிடைக்குமா என்று திங்களன்று கேட்க வேண்டும்; ஆக்சிலுக்குள் உள்ள பற்சக்கரங்களை (கிரவுன்-பினியன்) 3.55 விகிதத்துக்கு மாற்றுவதற்கு இப்போது நேரமும் இல்லை, பணமும் இல்லை.

அக்டோபர் 10, திங்கள்

டயர்கள் புதன்கிழமை வரும் என்றார்கள். அதுவரை ஏற்றம் தொடங்கும் முன்பே கியர்க்கம்பி நுனியிலுள்ள பொத்தானை அழுத்தி ஓவர்டிரைவை அணைத்துவிட வேண்டும், அடிக்கடி மேலும் கீழும் மாறி ஆயில் சூடாவதும் அதனால் குறையும். அவளிடம் வியாழன் இரவு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.