மூங்கில் உச்சியில் ஒரு போன்

நேற்று முட்டத்திலிருந்து குளச்சலுக்கு மச்சானின் பைபர் வள்ளத்தில் போனேன். பாறைகளுக்குப் பயந்து கரையை விட்டு நன்றாக விலகித்தான் ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் போனில் ஒரு கோடுகூட இல்லை. மச்சான் அதை வாங்கி, ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து இறுக்கி, கொடி கட்டும் மூங்கிலின் உச்சியில் கட்டினார். இரண்டு கோடு வந்துவிட்டது! கீழே உட்கார்ந்தபடி அவருடைய போனில் காற்று நிலவரம் பார்த்தோம்.

காரணம் கடலின் வளைவுதான். தண்ணீருக்கு ஒரு மீட்டர் மேலே இருக்கும் போனுக்குத் தொடுவானம் சுமார் மூன்றரை கிலோமீட்டர். நான்கு மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் ஏழு. அப்புறம், டவர் ஆன்டெனாக்களைப் பெரும்பாலும் ஊரைப் பார்த்துச் சற்றுக் கீழே சாய்த்துத்தான் வைக்கிறார்கள். கடல் பக்கம் வருவது மிச்சம் மீதிதான்.

இது பொழுதுபோக்கு விஷயம் இல்லை. 2017 ஒக்கி புயலில் எங்கள் கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவே இல்லை. 2019இல் செயற்கைக்கோள் வழியாகத் தகவல் தரும் ஜெமினி கருவி வந்தது. நல்ல காரியம். ஆனால் அதில் செய்தி வரும், பதில் அனுப்ப முடியாது.

கடலோர டவர்களில் ஒரு ஆன்டெனாவையாவது கடலைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். வள்ளத்தில் போகிறவர்கள் வரைபடத்தைக் கரையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், பவர் பேங்க் மறக்காதீர்கள். குளச்சல் நெருங்கும்போது அக்காவின் குரல் செய்தி வந்தது: "எங்க நிக்கீங்க?" மச்சான் அதை இரண்டு முறை கேட்டார்.