டிகிரி நடுவுல மதுரையிலேர்ந்து ஓபர்லினுக்கு

அமெரிக்காவுல படிக்கிறதுன்னா நம்ம ஊர்ல ரெண்டு வழிதான் எல்லாருக்கும் தெரியும். பன்னெண்டாவது முடிச்ச கையோட போறது, இல்லன்னா இங்க பி.இ. முடிச்சுட்டு எம்.எஸ். போறது. டிகிரி பாதியில இருக்கும்போதே ட்ரான்ஸ்ஃபர்ல போக முடியும்ங்கிறது எனக்கும் ரொம்ப நாள் தெரியாது. நான் மதுரை லேடி டோக் காலேஜ்ல பி.எஸ்சி. பிசிக்ஸ் படிச்சுட்டு இருந்தேன், அங்க எங்களுக்கு இங்கிலீஷ் எடுக்க ஒரு அமெரிக்க அக்கா வந்திருந்தாங்க, ஓபர்லின் ஷான்சிங்கிற அமைப்பு மூலமா. 1908ல ஆரம்பிச்ச அமைப்பு அது, ஓபர்லின் காலேஜ்ல படிச்சு முடிச்சவங்கள ஆசியாவுல இருக்குற காலேஜ்களுக்கு ரெண்டு வருஷம் அனுப்புவாங்க, மதுரையில லேடி டோக்குக்கும் அமெரிக்கன் காலேஜுக்கும் அப்படி வந்தவங்க நிறைய பேர். அவங்ககிட்ட பேசிட்டு இருந்தப்பதான் ஒஹையோவுல எட்டாயிரம் பேர் மாதிரி இருக்குற ஒரு சின்ன ஊர்ல இப்படி ஒரு காலேஜ் இருக்கு, அங்க பிசிக்ஸ் படிக்கிறவங்க கூட சரித்திரம், ஓவியம், சங்கீதம் மாதிரி மத்த பிரிவுலயும் சில பாடம் படிச்சாகணும்னு தெரிஞ்சுகிட்டேன்.

அன்னிக்கு ராத்திரி வீட்ல உட்கார்ந்து தேடிப் பார்த்தா, மில்லிகன் அங்க படிச்சவர்! பிளஸ் டூ பிசிக்ஸ்ல எண்ணெய்த்துளி சோதனைன்னு மனப்பாடம் பண்ணோமே, எலக்ட்ரானோட மின்னூட்டத்த அளந்தது, அதே ராபர்ட் மில்லிகன், 1891ல ஓபர்லின்ல டிகிரி வாங்குனவர், 1923ல நோபல். கெமிஸ்ட்ரி புக்ல அலுமினியம் எடுக்குற ஹால் முறை வருமே, அந்த சார்லஸ் மார்ட்டின் ஹாலும் இங்க படிச்சவர்தான், டிகிரி முடிச்ச அடுத்த வருஷமே 1886ல அத கண்டுபிடிச்சாரு. பாடப்புத்தகத்துல பேரா மட்டும் இருந்தவங்க ஒரு கிளாஸ்ரூம்ல உட்கார்ந்திருந்தாங்கன்னு நெனைச்சப்ப எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு, அங்க போகணும்னு அப்பவே தோணிடுச்சு.

ட்ரான்ஸ்ஃபர்ல போக நெனைக்கிறவங்களுக்கு நான் ரொம்ப விவரமா சொல்ல வேண்டியது கிரெடிட் விஷயம்தான், அதாவது இங்க படிச்ச பேப்பர்ல எதெல்லாம் அங்க டிகிரி கணக்குல சேர்த்துப்பாங்கங்கிறது, ஏன்னா மத்ததெல்லாம் எல்லா ஸ்டூடண்டுக்கும் பொது, இது நமக்கு மட்டும் வர்ற வேலை. மார்க் ஷீட் அனுப்பினா மட்டும் போதாது, நீங்க படிச்ச ஒவ்வொரு பேப்பருக்கும் சிலபஸ் வேணும், எத்தனை மணி நேரம் கிளாஸ், லேப் எவ்வளவு, என்ன புக், எல்லாம். அத அங்க இருக்குற அந்தந்த டிபார்ட்மெண்ட் பார்த்து, இது எங்க கோர்ஸுக்கு சமம், இது இல்லன்னு முடிவு பண்ணுவாங்க. நான் எங்க காலேஜ் தேர்வு அலுவலகத்துல சீல் வச்ச கவர்ல மார்க் ஷீட், டிபார்ட்மெண்ட்ல கையெழுத்து வாங்கின சிலபஸ்னு ஒரு பெரிய ஃபைலே வச்சிருந்தேன். அதுல பார்ட் ஒன் தமிழ் சிலபஸ் தமிழ்லயே இருந்துச்சு, அத எங்க தமிழ் மேடமும் நானும் உட்கார்ந்து இங்கிலீஷ்ல எழுதினோம், சிலப்பதிகாரம்னா என்ன, இலக்கணத்துல எந்தப் பகுதி, சிறுகதைல என்னன்னு ஒவ்வொண்ணா. மேடம் ஒரு வரி கூட சுருக்க விடல, "உனக்கு வேணும்னா சுருக்கிக்கோடி, இளங்கோவடிகளுக்கு நான் சுருக்க மாட்டேன்"னு சொல்லிட்டாங்க. கடைசியில அந்தத் தமிழ் பேப்பருக்கு எனக்கு இலக்கியக் கணக்குல கிரெடிட் கிடைச்சுது, பிசிக்ஸ் பேப்பர் சிலது கிடைக்கல. மெக்கானிக்ஸ் ஒத்துக்கிட்டாங்க, எலக்ட்ரானிக்ஸ் ஒத்துக்கல. எல்லாம் கூட்டிப் பார்த்தா ரெண்டு வருஷம் படிச்சதுக்கு ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலதான் வந்துச்சு. இது பொதுவா நடக்குறதுதான், இந்த மாதிரி பல பிரிவுலயும் படிக்க வைக்கிற லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ் பெரும்பாலானதுல பாதி டிகிரியாவது அவங்ககிட்டயே படிக்கணும்னு இருக்கும். அதனால நாம படிச்ச வருஷம் அப்படியே வரும்னு வீட்ல யாருக்கும் வாக்கு குடுக்காதீங்க, குறிப்பா லோனுக்குக் கையெழுத்து போடுறவங்களுக்கு.

லோன்னு சொன்னேன்ல, பணத்த பத்தியும் மறைக்காம சொல்லிடணும். இந்த மாதிரி தனியார் காலேஜ்ல பீஸ், தங்குறது, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 80,000 டாலரைத் தாண்டும். வெளிநாட்டு ஸ்டூடண்டுக்கு உதவித்தொகையே கம்மி, அதுலயும் ட்ரான்ஸ்ஃபருக்கு இன்னும் கம்மி, சில இடத்துல சுத்தமா கிடையாது, அத அப்ளை பண்றதுக்கு முன்னாடியே மெயில் போட்டு கேட்டுடுங்க. எங்க வீட்டுப் பத்திரம் பேங்க்லதான் இருக்கு. பெரிய மாமா "படிச்சுட்டு இருக்குறத பாதியில விட்டுட்டு ஊர் ஊரா போறதெல்லாம் என்ன பழக்கம்"னு அப்பாகிட்ட கேட்டாரு, அப்பா ஒண்ணும் பேசல, மறுநாள் காலைல என்னைக் கூட்டிட்டுப் போய் பேங்க்ல ஃபார்ம் வாங்கினாரு. காலேஜ் அனுப்புற ஐ-20 பத்திரம், வெளிநாட்டு ஸ்டூடண்ட் பதிவுக்கான செவிஸ் பீஸ் 350 டாலர், டிஎஸ்-160ங்கிற விசா விண்ணப்பம், சென்னை கான்சுலேட்னு விசா வேலை வரிசையா முடிஞ்சுது. இன்டர்வியூல கேட்ட முக்கியமான கேள்வியும் மாமா கேட்டதுதான், ஏன் நடுவுல மாறுறேன்னு. அதுக்கு ரெண்டு வாக்கியத்துல தெளிவா பதில் இருக்கணும், நான் எந்த பேராசிரியர்கிட்ட என்ன படிக்கப் போறேன், இப்ப படிக்கிற டிகிரில அது ஏன் முடியலன்னு சொன்னேன்.

வந்து சேர்ந்த முதல் மாசம்தான் கஷ்டம். ஃபர்ஸ்ட் இயர்ல வர்றவங்க எல்லாருமே புதுசு, யாருக்கும் யாரையும் தெரியாது, அதனால சாப்பாட்டு மேசையில யார் பக்கத்துல வேணும்னாலும் போய் உட்காரலாம். ட்ரான்ஸ்ஃபர்ல வர்றவங்களுக்கு அப்படி இல்ல. நம்ம வயசு, நம்ம கிளாஸ்ல இருக்குறவங்களுக்கெல்லாம் ஏற்கெனவே கூட்டம் அமைஞ்சிடுச்சு, அவங்களுக்குள்ள பழைய கதை இருக்கு, யாரும் நம்மள ஒதுக்கல, சிரிச்சு பேசுறாங்க, ஆனா சாயங்காலம் ஆனா அவங்கவங்க ரூமுக்குப் போயிடுறாங்க. ரெண்டாவது, நேரம் இல்ல. மத்தவங்க நாலு வருஷத்துல மெதுவா தேடிக் கண்டுபிடிக்கிறத நாம அத விடக் கம்மி நேரத்துல முடிக்கணும், வந்த கொஞ்ச நாள்லயே மேஜர், அதாவது முக்கியப் பாடம் எதுன்னு அறிவிக்கணும், சிபாரிசுக் கடிதம் குடுக்குற அளவுக்கு ஒரு பேராசிரியர் நம்மளத் தெரிஞ்சுக்கணும், அதுக்கெல்லாம் அவங்க ஆபீஸ் நேரத்துல போய் உட்கார்ந்து பேசணும், எனக்கோ ஆபீஸ் ரூம் வாசல்ல நிக்கவே கால் நடுங்கும். நம்ம ஊர்ல ஸ்டாஃப் ரூமுக்கு யாரு சும்மா போவா, கூப்பிட்டாதானே போவோம்.

கிளாஸ்னா பத்து பன்னெண்டு பேர். ஒளிஞ்சுக்க இடமே இல்ல. எனக்கு ஒரு கிளாஸ் மறக்காது, அமெரிக்க சரித்திரம், பிசிக்ஸ்காரங்களும் மத்த பிரிவுல எடுத்தாகணும்ங்கிறதுக்காக எடுத்தது. ஓபர்லின் 1833ல ஆரம்பிச்ச காலேஜ், 1835லயே கறுப்பின மாணவர்களச் சேர்க்க முடிவு பண்ணாங்க, 1837ல பெண்களையும் ஆண்களோட டிகிரி படிப்புல சேர்த்தாங்க. 1858ல ஜான் பிரைஸ்னு அடிமைத்தனத்துலேர்ந்து தப்பி வந்த ஒருத்தர பிடிச்சு பக்கத்து ஊர் வெல்லிங்டன்ல ஒரு ஹோட்டல்ல வச்சிருந்தப்ப, இந்த ஊர் ஜனங்க திரண்டு போய் அவரை மீட்டுட்டு வந்தாங்க, அதுக்காக சிலர் ஜெயிலுக்கும் போனாங்க. தப்பி வந்தவங்கள திருப்பி ஒப்படைக்கணும்ங்கிறதுதான் அப்ப சட்டம், அப்படி சட்டமே தப்பா இருந்தா ஊர் என்ன செய்யணும்னு அன்னிக்கு விவாதம். வாயே திறக்காம இருந்த நான், எங்க ஊர்ல 1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாத ஐயர், சாதியச் சொல்லி கோயிலுக்குள்ள விடாம வச்சிருந்த கக்கன் உள்ளிட்டவங்களக் கூட்டிட்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ள போனத பத்தி சொன்னேன், உள்ள போனவங்களையும் கூட்டிட்டுப் போனவங்களையும் பாதுகாக்க அதுக்கு அப்புறம்தான் சட்டமே வந்துச்சுன்னு சொன்னேன். பேராசிரியர் சாக்பீஸ கீழ வச்சுட்டு ஒவ்வொரு கேள்வியா கேட்டாரு, எந்த வாசல் வழியா போனாங்க, பூசாரிங்க என்ன பண்ணாங்க, ஊர் என்ன சொல்லிச்சு, பாதிக்கு எனக்கு பதில் தெரியல, அடுத்த வாரம் படிச்சுட்டு வந்து சொன்னேன். நான் கொண்டு வந்ததும் இங்க படிப்புல சேரும்னு அன்னிக்குதான் புரிஞ்சுது, அதுக்கு அப்புறம் கிளாஸ்ல பேச எனக்கு பயம் வரல.

பரீட்சை வேற மாதிரி. ஹானர் கோடுன்னு ஒண்ணு இருக்கு, ஹால்ல கண்காணிக்க யாரும் நிக்க மாட்டாங்க, நேர்மையா எழுதினேன்னு நாமளே எழுதி கையெழுத்து போடணும். பறக்கும் படைக்கு நடுவுல பப்ளிக் பரீட்சை எழுதி வளர்ந்தவளுக்கு இது பெரிய மரியாதையா இருந்துச்சு, முதல் தடவை அந்த வரிய எழுதும்போது கண்ணு கலங்கிடுச்சு.

ஆனா இந்த ஊர்ல எனக்குன்னு ஒரு இடம் கிடைச்சது கிளாஸ்ல இல்ல, கோ-ஆப் சமையலறையில. ஓபர்லின்ல ஸ்டூடண்ட்ஸ் கூட்டுறவு சங்கம் ஒண்ணு 1950கள்லேர்ந்து நடக்குது, ஆஸ்கான்னு சொல்லுவாங்க. ஹார்க்னஸ், கீப், டேங்க்னு தனித்தனி வீடு, அதுல சமைக்கிறது, பாத்திரம் கழுவுறது, மளிகை ஆர்டர் போடுறது, கணக்கு பாக்குறது எல்லாமே ஸ்டூடண்ட்ஸ்தான். ஆளுக்கு வாரத்துக்கு நாலஞ்சு மணி நேரம் வேலை. காலேஜ் மெஸ்ஸ விட செலவு கம்மிங்கிறதுக்காகத்தான் நான் சேர்ந்தேன். முதல்ல எனக்குக் குடுத்தது ராத்திரி பாத்திர வேலை, நம்ம கல்யாண வீட்டு அண்டா சைஸுல இருக்கும், ரெண்டு பேர் சேர்ந்து தேய்க்கணும். தேய்க்கும்போது பேச்சு வரும். யார் வீட்ல என்ன பிரச்சினை, யாருக்கு எந்த கோர்ஸ் கஷ்டம், யாரு வேலைக்கு எங்க அப்ளை பண்றாங்கன்னு கையில சோப்பு நுரையோட எல்லாம் தெரிஞ்சுகிட்டேன். ஓரியண்டேஷன்ல பேர் எழுதின பேட்ஜ் மாட்டிகிட்டு நடத்தின விளையாட்டுல கிடைக்காத சிநேகம் இங்க கிடைச்சுது, ஏன்னா நான் வரலன்னா அண்டா கழுவாம கிடக்கும், யாராவது கதவ தட்டி ஏன் வரலன்னு கேப்பாங்க. நம்மள ஒருத்தர் எதிர்பார்க்கணும், அது பெரிய விஷயம்.

அப்புறம் என்னை சமையல்ல போட்டாங்க. அம்பது அறுபது பேருக்கு ஆறரை மணிக்குள்ள சாப்பாடு ரெடியாகணும், பால் பொருள் கூட சேர்க்காதவங்க, கோதுமை ஆகாதவங்க எல்லாருக்கும் தனியா எடுத்து வைக்கணும். அம்மாவுக்கு போன் போட்டா "நாலு பேருக்கு அளவு சொல்றேன், அதுக்கு மேல நீயே பெருக்கிக்கோ"ன்னாங்க, ஆனா உப்பும் புளியும் அப்படிப் பெருக்கினா சரியா வராது, கொஞ்சம் கொஞ்சமா போட்டு ருசி பார்த்துதான் போகணும். துவரம்பருப்பு மூட்டையா வாங்கணும்னு கூட்டத்துல கேட்டேன். அங்க ஓட்டு எண்ணி முடிக்க மாட்டாங்க, யாருக்காவது மறுப்பு இருந்தா அத பேசித் தீர்க்கப் பாப்பாங்க, ஒரு பருப்புக்காக முக்கா மணி நேரம் பேசினாங்க, எங்கேருந்து வருது, யாரு விளைவிக்கிறாங்கன்னு. எனக்கு அலுப்பே வரல. பருப்பு வந்துச்சு.

குளிர் பத்தி எல்லாரும் சொல்லுவாங்க, குளிர விட இருட்டுதான் ஆள அழுத்தும், ஈரி ஏரி பக்கம் இருக்குறதால மாசக்கணக்குல மேகம் மூடியே இருக்கும், டிசம்பர்ல அஞ்சு மணிக்கெல்லாம் ராத்திரி. மனசு சரியில்லன்னா கவுன்சிலிங் இருக்கு, தயங்காம போங்க, நானும் போனேன். ஜனவரி மாசம் வின்டர் டெர்ம், வழக்கமான கிளாஸ் இல்ல, அவங்கவங்க ஒரு ப்ராஜெக்ட் எடுத்து செய்யலாம். அப்ப பொங்கல் வரும். ஊருக்குப் போக டிக்கெட்டுக்குக் காசில்லாதவங்க சில பேர் சேர்ந்து கோ-ஆப்ல வெண்பொங்கல் வச்சோம், கொரியாக்காரப் பையன் ஒருத்தன் மிளகெல்லாம் பொறுக்கி வைக்காம சாப்பிட்டான், அவன்தான் இப்ப எனக்கு லேப் பார்ட்னர்.

ஏப்ரல் வாக்குல கிளீவ்லேண்ட் தியாகராஜ ஆராதனை, 1978லேர்ந்து நடக்குது, இங்கேருந்து அம்பது அம்பத்தஞ்சு கிலோமீட்டர்தான், ஆனா கார் இல்லாம போறது கஷ்டம். இங்க கன்சர்வேட்டரின்னு பெரிய இசைப் பள்ளி இருக்கு, 1865லேர்ந்து, அதுல செல்லோ படிக்கிற ஒரு பொண்ணு கார் வச்சிருந்தா, அவ கர்நாடக சங்கீதம் நேர்ல கேட்டதில்லன்னு என்னைக் கூட்டிட்டுப் போனா. அரங்கத்துல பட்டுப்புடவையும் குளிர் கோட்டுமா மாமிங்க, சாம்பார் வாசனை, சுத்தி எல்லாரும் தமிழ். பஞ்சரத்ன கீர்த்தனையப்ப அவ விரல் மடியில தாளம் தேடிட்டு இருந்துச்சு, வர்ற வழியெல்லாம் ஆதி தாளம் எப்படிப் போடுறதுன்னு கேட்டுகிட்டே வந்தா.

எஃப்-1ங்கிற ஸ்டூடண்ட் விசாவுல கிளாஸ் நடக்கும்போது கேம்பஸ்ல வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை பாக்கலாம், வேலை கிடைச்சதுக்கு அப்புறம்தான் சோஷியல் செக்யூரிட்டி நம்பருக்கு அப்ளை பண்ண முடியும். பிசிக்ஸ் மாதிரி படிப்புன்னா டிகிரி முடிச்சு ஓபிடில, அதாவது படிச்ச துறையில அங்கயே வேலை பாக்க குடுக்குற அனுமதில, ஒரு வருஷம், கூட ரெண்டு வருஷம் நீட்டிப்பு கேக்கலாம், மேஜர் முடிவு பண்ணும்போதே இத மனசுல வச்சுக்கோங்க.

நான் இப்ப மதுரைல இருக்குற ஜூனியர் ரெண்டு பேருக்கு அப்ளிகேஷன் பாத்துக் குடுத்துட்டு இருக்கேன். பல காலேஜுக்கு மார்ச்லயே கடைசி தேதி வந்துடும், அதனால நீங்களும் போறதா இருந்தா சிலபஸ் எல்லாத்தையும் இந்த செமஸ்டர்லயே கையெழுத்து வாங்கி வச்சுடுங்க, உங்களத் தெரிஞ்ச ஒரு புரொஃபசர்கிட்ட கடிதம் கேட்டுடுங்க, பார்ட் ஒன் தமிழ் சிலபஸையும் சேர்த்து அனுப்புங்க, இங்கிலீஷ்ல எழுத ஆள் இல்லன்னா நான் எழுதித் தர்றேன்.